பழைய காரில் புது ஸ்டீரியோ: கோளாறு செட்டிலா, ஒயரிலா?

காலை ஐந்தரை மணிக்குப் பெரியப்பாவிடமிருந்து போன். "தம்பி, வண்டி செல்ஃப் எடுக்கல. பெரியம்மா ஆறரைக்கெல்லாம் ஜிப்மர்ல இருக்கணும். கொஞ்சம் வர்றியா?"

பெரியம்மா முழங்கால் ஆபரேஷன் ஆனவர். ஆட்டோவில் காலை மடக்கி உட்கார முடியாது. நான் லாஸ்பேட்டையிலிருந்து முத்தியால்பேட்டைக்கு பைக்கில் ஓடினேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நல்லவேளையாக அது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தெருமுனை வரை தள்ளினோம், ஸ்டார்ட் ஆகிவிட்டது. பெரியம்மாவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "பேட்டரி போச்சு, புதுசு மாத்திடலாம்" என்றார் பெரியப்பா. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். "போன வாரம் வண்டியில என்ன வேலை பார்த்தீங்க?" வேறு ஒன்றுமில்லை, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்று பொருத்தினாராம். பழைய கேசட் செட்டைக் கழற்றிய இடத்தில் பின்பகுதி உட்கார, முன்னால் 9 இன்ச் திரை நிற்கும் வகை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். இன்று காரில் மாட்டும் ஸ்டீரியோவில் பிராசசர், ராம், மெமரி, ஆபரேட்டிங் சிஸ்டம், புளூடூத், யு.எஸ்.பி. எல்லாம் இருக்கின்றன. அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஆனால் உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டருக்குச் சுத்தமான மின்சாரம் தர எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி இருக்கிறது. காரில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது, இருபது முப்பது வருடத்துக்கு முன் ஒரு கேசட் பிளேயருக்காகப் போட்ட ஒயர். அதிலும் பாதி துருப்பிடித்தது. ஆகவே புது செட் மாட்டிய பழைய காரில் பிரச்சினை வந்தால், முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். செட் சரியாகத்தான் இருக்கும் என்பது பெரும்பாலும் உண்மை.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். எலக்ட்ரிக்கல் பாடம் ஒரே ஒரு செமஸ்டர், அதிலும் மார்க் சுமார்தான். ஆகவே இதைச் செய்ய நீங்கள் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்க்கும் பொறுமையும் போதும். புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதும் இப்படித்தான். மூன்று இடத்தில் ஒரே சமயம் கை வைத்தால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

மஞ்சளும் சிவப்பும்

நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான செட்டுகளின் பின்னால் ஒரே வகை நிறங்கள்தான். மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெறுவது. சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் பெறுவது. கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொரு நிறத்துக்கும் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஜோடி ஒயர் இருக்கும், அது அந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ்.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதிக் கோளாறுகள் புரிந்துவிடும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து வைத்தாலும் கடிகாரம் ஓடுகிறதே, எப்படி? மதர்போர்டில் நாலணா அளவில் சி.ஆர். 2032 என்ற பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் தேதி, நேரம் எல்லாம் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். ஸ்டீரியோவில் நினைவைக் காப்பாற்றும் அந்த வேலையை மஞ்சள் ஒயர் செய்கிறது. பாட்டுக்கு வேண்டிய மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் வருகிறது. சிவப்பு வெறும் ஸ்விட்ச். "முதலாளி வந்துவிட்டார், எழுந்திரு", "போய்விட்டார், தூங்கு" என்று சொல்வது அதன் வேலை.

இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழிந்துவிடும். 'செட் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்களில் பலருக்கு உண்மையில் இந்தக் கோளாறுதான்.

பெரியப்பாவின் வண்டியில் நடந்தது வேறு. பழைய கேசட் செட்டுக்கு வந்துகொண்டிருந்த, சாவியோடு வேலை செய்யும் ஒயர் எங்கோ அறுந்திருந்தது. பொருத்திய பையன் அதைத் தேடாமல், மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டான். "சாவி இல்லாமலேயே பாட்டுக் கேட்கலாம் சார்" என்று அதை ஒரு வசதியாகவும் சொல்லியிருக்கிறான்! பெரியப்பா திரையை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார். ஆனால் சிவப்பு ஒயரில் மின்சாரம் நிற்கவே இல்லை. 'தூங்கு' என்று யாரும் சொல்லாததால் செட் இருட்டில் விழித்துக்கொண்டே இருந்தது.

எவ்வளவு மின்சாரம் குடித்தது? அளந்து பார்த்தோம். செட் தனியாக அணைத்திருக்க வேண்டும், சாவியை எடுத்துவிட வேண்டும், உள்விளக்கு எரியாமல் கதவுகள் மூடியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கிளாம்ப்பிலும் இன்னொன்றைப் பேட்டரி முனையிலும் கொடுங்கள். வெளியே போகும் மின்சாரம் எல்லாம் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். இரண்டு எச்சரிக்கைகள். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு முனையை மீட்டரில் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. அப்படியே பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் நேரடி ஷார்ட்தான்.

மீட்டர் 0.6 ஆம்பியர் காட்டியது. செட்டின் ஃப்யூஸை உருவியதும் கிட்டத்தட்ட பூஜ்யம். இனி கணக்கு எளிது. அந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நிறுத்திய வண்டி திங்கள் காலை ஐந்தரை வரை 36 மணி நேரம் நின்றது. 36 x 0.6 என்றால் 21.6 ஆம்பியர்-அவர். பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. செல்ஃப் எப்படி எடுக்கும்? எட்டு மாதப் பேட்டரிமேல் பழி போட்டு இன்னொன்று வாங்கியிருந்தால், அதுவும் அடுத்த திங்கட்கிழமை படுத்திருக்கும்.

ஃப்யூஸ் பாக்ஸில், சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் முனையை மீட்டரால் தேடிப் பிடித்து, அங்கிருந்து சிவப்புக்குப் புது ஒயர் இழுத்தோம். மறுபடி அளந்தபோது 0.02 ஆம்பியர். கடிகாரத்துக்கும் நினைவுக்கும் இவ்வளவு வேண்டும். 0.05 வரை இருந்தால் கவலை வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடி செட் அணைந்து மறுபடி எழுந்தால் அது கோளாறு இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். பல வண்டிகளில் சாவியே அந்த நேரத்தில் மற்ற இணைப்புகளைத் துண்டித்துவிடும்.

வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம்

பானெட்டைத் திறந்து அந்த மஞ்சள் ஒயரைப் பின்தொடர்ந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பேட்டரி பாசிட்டிவில் நேரடியாகச் சுற்றியிருந்தார்கள். வழியில் ஃப்யூஸ் இல்லை. எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரத் தடுப்பில் ஒரு பழைய ஓட்டை வழியாக ஒயர் உள்ளே போகிறது. அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி அதிர அதிர, தகர விளிம்பு ஒயரின் மேல்தோலை அறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நூல் அளவு அறுந்தால் செம்பு பாடியைத் தொடும். பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த மெல்லிய ஒயரில் பாயும், ஒயர் பழுத்து எரியும், பக்கத்தில் பெட்ரோல் குழாய்.

செட்டின் பின்னால் ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது செட்டைத்தான் காப்பாற்றும். பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் உள்ள ஒன்றரை மீட்டர் ஒயரைக் காப்பாற்ற, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு ஃப்யூஸ் வேண்டும். ஃப்யூஸ் ஹோல்டரும் ரப்பர் வளையமும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். செட்டின் மீது 10 ஆம்பியர் என்று இருந்தால் 10, 15 என்று இருந்தால் 15. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய நம்பர் போடுவதும், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஃப்யூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள்.

பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது உச்சத்தில் ஒரு கணம் வருவது. தொடர்ந்து கிடைப்பது ஒரு சேனலுக்கு 20 வாட் அளவுதான். 2000-களில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் டப்பாக்களில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு விற்றார்களே, அதன் தம்பி இது.

உப்புக் காற்றும் எர்த்தும்

அடுத்த புகார்: சத்தம் கூட்டினால் திரை மங்குகிறது, சில சமயம் செட்டே அணைந்து எழுகிறது. புதுச்சேரியில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வண்டி நிறுத்துபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். கறுப்பு ஒயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் முடிந்திருந்தார்கள். ஸ்க்ரூவைச் சுற்றித் துரு, ஒயர் நுனியில் பச்சை பூத்திருந்தது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். செட்டைச் சத்தமாகப் பாடவிட்டு, மீட்டரை 20 வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைச் செட்டின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். இரண்டும் ஒரே எர்த் என்றால் பூஜ்யத்துக்கு அருகில்தான் காட்ட வேண்டும். 0.2 வரை மன்னிக்கலாம். எங்களுக்கு ஒவ்வொரு பேஸ் அடிக்கும் 1.1 வரை எகிறியது. அதாவது அந்தத் துருவிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. பாடியோடு பற்றவைத்த நல்ல கெட்டியான போல்ட் ஒன்றைப் பார்த்து, உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து, லக் வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். பிறகு 0.05.

அப்படியே எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் பார்த்துவிடுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கோளாறு. நம் மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். அதைச் சரி செய்யாமல் எந்தப் புது செட்டையும் மாட்டாதீர்கள்.

பின் ஸ்பீக்கர் ஊமை

பழைய காருக்கே உரிய வம்பு இது. பல பழைய கேசட் செட்டுகளில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் போகும். இன்னொரு முனையைக் கார் பாடியிலேயே எர்த் செய்துவிடுவார்கள். அன்று அது சரி. இன்றைய செட்டுகள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தள்ளுகின்றன. இரண்டு ஒயரிலும் ஆறு, ஏழு வோல்ட் நின்றுகொண்டிருக்கும். இதில் எது பாடியைத் தொட்டாலும் ஷார்ட்தான். நல்ல செட் என்றால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். மலிவு செட் என்றால் ஐ.சி. புகைந்துவிடும்.

சோதிப்பது எளிது. செட்டின் பின்னால் உள்ள கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் கார் பாடிக்கும் இடையே பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. 3 அல்லது 4 ஓம் காட்டினால் அந்த ஸ்பீக்கரின் மறுமுனை பாடியில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரியப்பாவின் வண்டியில் பின்னால் இரண்டு ஸ்பீக்கருமே இப்படித்தான். பழையதை விட்டுவிட்டு, கதவோர கார்பெட்டுக்கு அடியில் புதிதாக இரட்டை ஒயர் இழுப்பதுதான் வழி. பாதி நாள் வேலை. குறுக்கு வழி எதுவும் இல்லை.

'ங்ங்ங்' சத்தம்

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் போலச் சுருதி ஏறுகிறதா? ஆல்டர்னேட்டர் சத்தம். போனை சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் கேபிளில் பாட்டு விடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், செட்டும் போனும் இரண்டு இடத்தில் எர்த் ஆகிச் சுற்று உண்டாகியிருக்கிறது. புளூடூத்தில் பாட்டு விடுங்கள், போய்விடும். விசில் இல்லாமல் 'டிக் டிக்' என்று எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ரேடியோவில் மட்டும் வந்தால், ஸ்பார்க் பிளக் பக்கம். ரெசிஸ்டர் வகை பிளக்கும் நல்ல பிளக் ஒயரும் மாற்றச் சொல்லுங்கள்.

93.5 வருகிறது, 102.8 வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதுதான். பெரியப்பாவுக்கு ஆகாசவாணியின் புதுவை ரெயின்போ எஃப்.எம்., 102.8, காலையில் வேண்டும். புது செட்டில் சூரியன் எஃப்.எம். 93.5 கணீர் என்று வருகிறது. ரெயின்போ மட்டும் கரகரப்பு. ஏரியலைத் துடைத்தோம், இழுத்தோம், மாற்றியும் பார்த்தோம். பலனில்லை.

ஸ்டேஷன்களைக் கையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. 102.7-க்குப் பிறகு 102.9 வந்தது. நடுவில் 102.8 என்ற எண்ணே இல்லை! அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் எல்லாம் 0.2 இடைவெளியில், கடைசி எண் ஒற்றைப்படையாகவே இருக்கும். 87.9, 88.1, 88.3 என்று போகும். செட்டில் 'ரேடியோ ரீஜன்' என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்ததால் அது இரட்டைப்படை ஸ்டேஷனில் நிற்கவே நிற்காது. 93.5 ஒற்றைப்படை என்பதால் தப்பித்தது. செட்டிங்ஸில் ரீஜனை ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள், 0.1 இடைவெளி வந்துவிடும். சில செட்டுகளில் இந்த இடம் பாஸ்வேர்டு போட்ட ஃபேக்டரி செட்டிங்ஸுக்குள் இருக்கும், விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் என்றால் இந்த வைத்தியமும் பலிக்காது. அவை 76 முதல் 90 வரைதான் பிடிக்கும்.

ரீஜன் சரியாக இருந்தும் இரைச்சல் என்றால், வண்டியில் உள்ள யு.எஸ்.பி. சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி. பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மலிவுச் சார்ஜர்கள் எஃப்.எம். அலைவரிசையிலேயே குப்பை கொட்டும்.

பென்டிரைவ்

இது நீங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரி செய்யக்கூடியது. செட் 'நோ டிவைஸ்' என்றால், பென்டிரைவை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் என்று இருந்தால் பல செட்டுகள் படிக்காது. பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபேட் 32-க்கு ஃபார்மட் செய்யுங்கள். 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைவான பென்டிரைவ் என்றால் தொல்லை இல்லை. சில பாட்டுகள் மட்டும் தாண்டிப் போனால் அவை எம்.பி.3 ஆக இருக்காது. ஃபைலின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மாற்றினால் எம்.பி.3 ஆகிவிடாது, கன்வர்ட்டர் புரோகிராம் வேண்டும். பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

பாட்டு வரிசை மாறிப் போவதற்கும் காரணம் உண்டு. பல செட்டுகள் அகர வரிசையைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அந்த வரிசையில் பாடும். பெயருக்கு முன் 001, 002 என்று எண் போட்டு, ஃபார்மட் செய்த பென்டிரைவில் அதே வரிசையில் ஒரே மூச்சில் காப்பி செய்யுங்கள். பெரியப்பாவுக்காக நானூறு பாட்டுக்கு இப்படி எண் போட்டுக் கொடுத்தேன். அவர் 102.8-ஐ விட்டு இன்னும் நகரவில்லை. பென்டிரைவ் டேஷ்போர்டு டிராயரில் கிடக்கிறது.